படகுக்கு வாக்கப்பட்ட கார்

டர்பனில் சாட்ஸ்வொர்த் சென்டர் என்ற கடைவளாகத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி மூன்றாவது சனிக்கிழமை என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். பளபளக்கும் பச்சை ஜாக்கெட்டோடு பக்கத்தில் வந்து நின்று, "சிஸ்டர், உங்க கார் எது?" என்றார். எனக்குக் கார் இல்லை என்றேன். அப்படியானால் ஏன் ஒவ்வொரு காராகக் குனிந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கிறாய் என்று கேட்கத்தானே செய்வார்? எடை பார்க்கிறேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் இனி வேறு கடைவாசலுக்குப் போவதுதான் மரியாதை என்று தோன்றியது.

ஆனால் நான் சொன்னது உண்மை. தென்னாப்பிரிக்காவில் எல்லா வண்டிகளின் முன்கண்ணாடியிலும் இடப்பக்கக் கீழ்மூலையில் லைசென்ஸ் டிஸ்க் என்று வட்டமாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். பதிவு எண், இன்ஜின் எண், காலாவதித் தேதி இவற்றோடு 'டேர்' என்று வண்டியின் வெறும் எடையும் அதில் கிலோவில் அச்சாகியிருக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள். நான் அந்த ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டு டர்பன் முழுக்க அலைந்தேன். வாழ்க்கையில் முதல் கார் வாங்குகிறேன், அதுவும் எனக்காக அல்ல. என் படகுக்காக.

முன்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் தூத்துக்குடிக்காரி. அம்மாவைப் பெற்ற தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக இருந்தவர். பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோய் வந்தவர். பேரனைத் தோணியில் ஏற்றிக் காட்டுவார். பேத்தி கரையில் நின்று கையாட்ட வேண்டும், அவ்வளவுதான். 2018-இல் கல்யாணமாகி டர்பனுக்கு வந்த பிறகு, முப்பது வயதைத் தாண்டியபின்தான் நான் முதல்முறையாக ஒரு சுக்கானைப் பிடித்தேன். 2021-இல் பழைய மிரர் டிங்கி ஒன்றை, அதாவது ஒரு குட்டிப் பாய்ப்படகை, டிரெய்லரோடு சேர்த்து வாங்கினேன்.

மிரர் 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவோடு வந்த படகு. சாதாரண ஆட்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்ளட்டும் என்று வடிவமைத்தார்கள். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக்கம்பியால் தைத்து, மூட்டுகளுக்கு மேல் ஃபைபர் நாடாவும் ரெசினும் பூசிவிட்டால் படகு தயார். 3.3 மீட்டர் நீளம், வெறும் உடம்பு 45.5 கிலோ, சிவப்புப் பாய். இதன் பாய்மரம் குட்டையானது. அதன்மேல் இன்னொரு கம்பு ஏறி நின்று பாயின் உச்சியைத் தூக்கிப் பிடிக்கும். தாத்தா பார்த்திருந்தால் அந்தக் கம்பைப் பருமல் என்றுதான் சொல்லியிருப்பார். எல்லாவற்றையும் கழற்றினால் கம்புகள் படகின் நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மற்ற டிங்கிகளைப் போல நீண்ட பாய்மரம் வண்டிக்குப் பின்னால் துருத்திக்கொண்டு, அதில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. படகு வாங்கும்போது இதையெல்லாம் யோசித்து வாங்கவில்லை. சிவப்புப் பாய் பிடித்திருந்தது, வாங்கினேன்.

முதல் ஒரு வருடம் கார் பற்றிய நினைப்பே இல்லை. படகு டர்பன் விரிகுடா ஓரத்திலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கொண்டுபோய் இறக்கிவிட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப்போவார். பிறகு 2022 ஏப்ரலில் அந்த மழை வந்தது. 11, 12 தேதிகளில் கொட்டிய கொட்டில் வீடுகளும் பாலங்களும் போயின. நானூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் உடைந்து, கடற்கரைகளில் மாதக்கணக்கில் ஈ.கோலி கிருமி பற்றிய எச்சரிக்கைப் பலகைகள் தொங்கின. படகு கவிழ்ந்தால் வாய்க்குள் தண்ணீர் போகாமல் இருக்காது. சின்ன மகளை வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்தில் இனண்டா அணை இருக்கிறது. ஆனால் அங்கே ஆகாயத்தாமரை. நம் ஊர்க் குளங்களில் பார்த்த அதே செடிதான், இங்கேயும் வந்து தண்ணீரை மூடுகிறது. மிச்சம் இருந்தது மிட்மார் அணை. ஹோவிக் பக்கத்தில், உம்ஙேனி ஆற்றின் மேல் 1960களில் கட்டியது. நல்ல தண்ணீர், நல்ல காற்று. ஆனால் டர்பனிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அதுவும் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். கணவரின் வண்டி கம்பெனி வண்டி. அதில் டிரெய்லர் இழுக்கும் கொக்கி மாட்டக் கூடாது, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக, ஒரு கார் வேண்டும். கையிருப்பு 1,20,000 ரேண்ட். கடன் வாங்குவதில்லை என்று முடிவு.

"மிரரைக் கூரையிலேயே ஏற்றலாமே, டிரெய்லர் எதற்கு?" என்று படகுக்காரர்கள் கேட்பார்கள். ஏற்றலாம். அந்தப் படகின் பெருமையே அதுதான். நாங்களும் ஒரு நண்பரின் காரில் ஏற்றிப் பார்த்தோம். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கணவர் ஒரு முனையைத் தூக்க, நான் மறுமுனையைத் தலைக்குமேல் தூக்கப் பார்த்து, அடுத்த நான்கு நாள் இடுப்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடந்தேன். அத்தோடு அந்த யோசனை முடிந்தது.

சரி, எந்தக் கார்? இந்தக் கேள்வியை டர்பனில் யாரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: பக்கி. பின்னால் திறந்த பெட்டி வைத்த வண்டியை இங்கே பக்கி என்பார்கள். படகு என்று நான் சொன்னதும் கணவரின் பெரியப்பா மகன்கள், பெரிய இன்ஜின் வைத்த டபுள் கேப் பக்கியின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். "படகு இழுக்கப்போறீங்க, லானி ஆயிட்டீங்க, வண்டியும் லானியா இருக்கணும்ல." லானி என்றால் இங்கே பணக்கார, பவுசான ஆள். என் கையிருப்புக்குக் கிடைக்கும் டபுள் கேப்கள் எல்லாம் 3,00,000 கிலோமீட்டர் ஓடி முடித்தவை. அரை டன் குட்டிப் பக்கிகள் கிடைத்தன. ஆனால் அவற்றில் இரண்டே இருக்கை. மகளைப் பின்பெட்டியிலா உட்கார வைப்பது?

இன்னொன்று, பக்கி வேண்டும் என்கிறவர்களின் மனதில் இருப்பது வேறு படகு. இரண்டு மோட்டார் மாட்டிய மீன்பிடிப் படகை ஈர மணலில் இறக்கி ஏற்ற நான்கு சக்கர இழுவை வேண்டும்தான். டிங்கியின் கதை அப்படியல்ல. தண்ணீருக்குக் காரே போக வேண்டியதில்லை. டிரெய்லரின் மேலே கைவண்டி மாதிரி ஒரு தள்ளுவண்டி இருக்கும், படகு அதில் உட்கார்ந்திருக்கும். கரையில் அதை மட்டும் கழற்றிக் கையால் தள்ளிக்கொண்டு போய் இறக்கிவிடலாம். காரும் டிரெய்லரும் மேலே புல்தரையில் நிற்கும். எடையும் ஒன்றுமில்லை. படகு, கம்பு, பாய், நடுப்பலகை எல்லாம் சேர்த்து எழுபது கிலோவை ஒட்டி வரும். டிரெய்லரும் தள்ளுவண்டியும் ஒரு நூற்று அறுபது. உயிர்காப்பு ஜாக்கெட், நங்கூரம், சில்லறைச் சாமான் சேர்த்தாலும் 250 கிலோவைத் தாண்டாது. மூன்று பெரிய ஆட்களின் எடை. எந்தக் குட்டிக் காரும் இழுத்துவிடும்.

அப்படித்தான் நானும் நினைத்தேன். ரெனோ க்விட் ஒன்றைப் பார்த்து, விலை பேசும் அளவுக்கும் போய்விட்டேன். சென்னை ஒரகடத்தில் செய்து கப்பலேறி வந்த கார். பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. பெட்ரோலும் அதிகம் குடிக்காது.

அப்போதுதான் டிரெய்லரை என் பெயருக்கு மாற்றப் போனேன். இங்கே டிரெய்லரும் ஒரு வண்டிதான். அதற்குத் தனி நம்பர் பலகை, தனி டிஸ்க், கைமாறினால் சாலைத் தகுதிச் சான்றிதழ். முந்தைய சொந்தக்காரர் சில வருடங்கள் லைசென்ஸ் கட்டாமல் விட்டிருந்தார். அந்தப் பாக்கியும் அபராதமும் என் தலையில் விழுந்தன. படகோடு டிரெய்லர் இலவசம் என்று யாராவது சொன்னால் முதலில் அதன் காகிதத்தைக் கேளுங்கள். நான் கேட்காமல் சந்தோஷப்பட்டவள். பரிசோதனை நிலையத்தில் இருந்தவர் டிரெய்லரின் மூக்கில் ஆணி அடித்திருந்த அலுமினியத் தகட்டைத் துணியால் துடைத்துக் காட்டினார். ஜி.வி.எம். 550 கிலோ.

ஜி.வி.எம். என்றால் சுமையோடு சேர்த்து அந்த டிரெய்லர் அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்ற கணக்கு. என் டிரெய்லரைச் செய்தவர் ஏதோ பெரிய படகை மனதில் வைத்துச் செய்திருக்கிறார். இங்கேதான் சட்டம் வருகிறது. பிரேக் இல்லாத டிரெய்லரின் ஜி.வி.எம். 750 கிலோவைத் தாண்டக் கூடாது. அதோடு, இழுக்கும் காரின் வெறும் எடையில் பாதிக்கு மேலும் போகக் கூடாது. நான் உண்மையில் ஏற்றுவது 250 கிலோதானே என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கணக்கு தகட்டோடுதான். 550-ஐ இரண்டால் பெருக்கினால் 1,100. என் கார் குறைந்தது 1,100 கிலோ இருக்க வேண்டும். க்விட் எழுநூறை ஒட்டி நிற்கிற கார்.

அந்தச் சாயங்காலம் தொடங்கியதுதான் டிஸ்க் படிக்கும் பைத்தியம். தெருவில் நிற்கும் காரெல்லாம் எனக்குத் தராசுத் தட்டில் ஏறி நின்ற மாதிரி ஆயின. குட்டி ஹேட்ச்பேக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொள்ளாயிரம், தொள்ளாயிரத்து ஐம்பது என்று விழுந்தன. அரை டன் பக்கிகள்கூட ஆயிரத்தை ஒட்டித்தான் இருந்தன. பெட்டி பெரிதாக இருப்பதால் கனமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பக்கி சொன்ன அண்ணன்மார்களிடம் இதைச் சொல்லிவிட்டு நான் பட்ட சந்தோஷத்தை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

டிஸ்க்கோடு நின்றுவிடவும் கூடாது. காரின் கையேட்டில் பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒன்று, பிரேக் இல்லாததற்கு ஒன்று என்று இரண்டு இழுவை எடைகள் போட்டிருப்பார்கள். விற்பவர்கள் பெருமையாகச் சொல்வது முதலாவதை, ஏனென்றால் அது பெரிய எண். நமக்கு வேண்டியது இரண்டாவது. சில கார்களின் கையேட்டில் டிரெய்லரே இழுக்காதே என்றும் எழுதியிருக்கும். அதை மீறிக் கொக்கி மாட்டித் தர ஆள் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்.

கடைசியில் பட்டியலில் நின்றவை இரண்டு. மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட். டர்பன் ப்ராஸ்பெக்டனில் செய்த டொயோட்டா கொரோலா குவெஸ்ட். இரண்டும் 1,100-ஐத் தாண்டும்.

என் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் என் மாமனார் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். வீட்டில் டொயோட்டா தவிர வேறு காரின் பெயரைச் சொன்னால் அத்தை ஜன்னலைச் சாத்துவார். மாமா பேசும் தமிழ் அவருடைய ஆயாவிடமிருந்து வந்தது. பாதி ஆங்கிலம், மீதி நான் சினிமாவில்கூடக் கேட்டிராத பழைய வடஆற்காட்டுப் பேச்சு. "நீ எந்தக் காரு வேணாலும் வாங்கு பொண்ணு. ஆனா குவெஸ்ட் வாங்கினா அது ரிப்பேரு ஆனா எனக்குத் தெரியும். மத்தது வாங்கினா அது ரிப்பேரு ஆனா எனக்குத் தெரியாது." இதைவிட நாசூக்காக ஒருவர் மிரட்ட முடியாது. என் விலைக்குள் வந்த ஈகோஸ்போர்ட்களும் ரொம்ப ஓடியவையாகவே இருந்தன. மறைமலைநகரை அதோடு விட்டுவிட்டேன்.

குவெஸ்ட் என்பது பழைய உடம்பில் வந்த கொரோலா. புது மாடல் வந்தபோது பழையதை நிறுத்திவிடாமல், அலங்காரங்களைக் குறைத்து மலிவாக 2014-இலிருந்து விற்றார்கள். பார்க்க ஒன்றும் இல்லை. வாத்தியார் கார் என்று என் கணவர் சிரிப்பார். எனக்கு வாத்தியார் கார் போதும்.

2022-க்குப் பிறகு டர்பனில் பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு தனிப் பயம் உண்டு: வெள்ளத்தில் மூழ்கிய கார். ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலைக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அங்கே நனைந்த ஆயிரக்கணக்கான புது வண்டிகளை விற்காமல் நொறுக்கினார்கள். மாமா அதைப் பிள்ளைகள் செத்த கணக்கில் சொல்வார். ஆனால் வீட்டு வாசல்களில் மூழ்கிய கார்களை யார் நொறுக்கினார்கள்? கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தவையும் உண்டு. நான் இரண்டாவதாகப் பார்த்த கார் அப்படிப்பட்டது. ஒரு விற்பனையாளரின் முற்றத்தில் வெள்ளி நிறத்தில் மினுமினுத்தது, உள்ளே எலுமிச்சை வாசனை. மாமா எதையும் பேசவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டை அதன் அடிமுனை வரை இழுத்தார். கடைசி இரண்டு சாணில் தேநீர்க் கறை மாதிரி ஒரு கோடு. பிறகு ஸ்டெப்னி சக்கரத்தைத் தூக்கிக் காட்டினார். குழியில் காய்ந்த வண்டல், ஆற்றுப்படுகை மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. விற்பனையாளர் அது கடற்கரை மணல் என்றார். மாமா, "எந்தக் கடற்கரை, சொல்லு, நானும் போறேன்" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

நான்காவது கார், டோங்காட்டில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியையுடையது. வாத்தியார் கார் உண்மையிலேயே வாத்தியார் கார் ஆகிவிட்டது. 2015 மாடல், 1.6 லிட்டர், மேனுவல் கியர், 1,12,000 கிலோமீட்டர். கொக்கி இல்லை. ஏற்கெனவே கொக்கி மாட்டிய கார் கிடைத்தால் செலவு மிச்சம் என்று நினைத்திருந்தேன். மாமா அதற்கு நேர் எதிர். கொக்கி இருந்தால் அது எதை இழுத்தது என்று யாருக்குத் தெரியும்? பத்து வருடம் கட்டுமானச் சாமான் இழுத்த காருக்கும், வருடத்துக்கு ஒருமுறை தோட்டக் குப்பை கொண்டுபோன காருக்கும் ஒரே கொக்கிதான். இழுவைக்குப் போகிற காரில் முதலில் சாவது கிளட்ச். அதனால் ஒரு சோதனை செய்யச் சொன்னார். சமதரையில் ஹேண்ட்பிரேக்கை முழுக்கப் போட்டு, மூன்றாம் கியரில் வைத்துக் கிளட்ச்சை மெல்ல விட வேண்டும். இன்ஜின் உடனே முக்கி நின்றுவிட்டால் கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது. நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. எங்கள் கார் ஒரு இருமலோடு நின்றது. மாமா தலையாட்டினார். 1,13,000-க்கு முடித்தோம். டீச்சர் சாவியோடு ஒரு டப்பா முறுக்கும் கொடுத்தார்.

கொக்கி, வயரிங், ஏழு முள் பிளக் எல்லாம் சேர்த்து இன்னொரு 5,000 ஆனது. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். தெரு முனையில் வெல்டிங் அடித்துத் தர ஆள் இருக்கிறார். ஆனால் அந்தக் காருக்கென்றே செய்து, தாங்கும் எடை பொறித்த தகடோடு வரும் கொக்கியை வாங்குங்கள்.

இனி ஓட்டும் கதை. லைசென்ஸ் விஷயத்தில் எனக்குக் கவலை இல்லை. இங்கே சாதாரணக் கார் லைசென்ஸான கோட் பி-யிலேயே 750 கிலோ ஜி.வி.எம். வரை டிரெய்லர் இழுக்கலாம். அதற்கு மேல் போனால்தான் ஈ.பி. என்ற வேறு லைசென்ஸ் வேண்டும். கே53 என்ற இங்கத்திய ஓட்டுநர் தேர்வில் மேட்டில் வண்டியை நகர்த்தும்போது ஒரு அங்குலம் பின்னால் போனாலும் அங்கேயே தோல்வி. நான் இரண்டாவது முறைதான் தேறினேன். அந்தப் பயிற்சி பிறகு கைகொடுத்தது. ஆனால் டிரெய்லரைப் பின்னால் தள்ளுவதை எந்தத் தேர்வும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சின்ன டிரெய்லர் பெரியதைவிட மோசம். நீளம் குறைவு என்பதால் நொடியில் மடங்கி வந்து பம்பரை முத்தமிடும். காரின் கண்ணாடியில் வேறு தெரியாது. மடங்கிய பிறகுதான் தெரியும். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மை. அதைவிட பெரிய உண்மை, என்னுடையது இருநூற்றைம்பது கிலோதான். கொக்கியைக் கழற்றிக் கையால் தள்ளி நிறுத்திவிடலாம். முதல் ஆறு மாதம் நான் அதைத்தான் செய்தேன்.

முதல் ஓட்டம் என்3 நெடுஞ்சாலையில். பைன்டவுனைத் தாண்டி எண்பதைத் தொட்டதும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு காரின் இடுப்பைப் பிடித்து ஆட்டும் அளவுக்கு. பயத்தில் பிரேக்கை மிதிக்கத் தோன்றும், மிதிக்கக் கூடாது. காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறையட்டும் என்று விட்டேன். அறுபதில் அடங்கியது. பக்கத்தில் கணவர் சஷ்டி கவசத்தைப் பாதியிலிருந்து ஆரம்பித்திருந்தார். வீட்டுக்கு வந்து குளியலறை எடைக்கருவியை டிரெய்லரின் மூக்குக்கு அடியில், மரக்கட்டை வைத்துக் கொக்கி உயரத்துக்கு முட்டுக்கொடுத்துப் பார்த்தால், எட்டு கிலோ. அதாவது பாரமெல்லாம் அச்சுக்குப் பின்னால். முன்னால் பாரம் இல்லாத டிரெய்லர் நாய்வால் மாதிரிதான் ஆடும். நங்கூரத்தையும் சாமான் பெட்டியையும் படகின் பின்பக்கம் போட்டிருந்தேன். அவற்றைக் காரின் டிக்கிக்கு மாற்றி, படகைப் பதினைந்து சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தியதும் இருபது கிலோ வந்தது. அதன்பிறகு தொண்ணூறிலும் ஆடவில்லை. தொண்ணூறுக்கு மேல் நான் போவதில்லை. அந்தச் சின்னச் சக்கரங்கள் காரின் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது, பாவம்.

சுங்கச்சாவடியில் மட்டும் ஒரு நல்ல செய்தி. மரியன்ஹில்லில் டிரெய்லருக்குத் தனிக் கட்டணம் இல்லை. கார் மாதிரியே.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் டவுன் ஹில் (Town Hill) என்ற இடத்து ஏற்றம். லாரிகள் முக்கி முனகி ஏறும் இடம். 1.6 லிட்டர் கொரோலா அங்கே மூன்றாம் கியருக்கு இறங்கிவிடும். இடப்பக்கப் பாதையில் லாரிகளின் பின்னால் போய்க்கொண்டிருந்தால் எந்த அவமானமும் இல்லை. எனக்குப் பயம் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். திரும்பி வரும்போது அந்த இறக்கத்தை, சில நாட்களில் ஹில்டன் மூடுபனியோடு சேர்த்து இறங்க வேண்டும். டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது, அதன் எடையையும் கார்தான் நிறுத்த வேண்டும். பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் சூடாகி, கடைசி வளைவில் பிடிக்காமல் போகும். அதனால் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மூன்றாம் கியர். இன்ஜின் கத்தட்டும். சட்டம் ஏன் காரின் எடையில் பாதி என்று கேட்கிறது என்பது எனக்குப் பரிசோதனை நிலையத்தில் புரியவில்லை. டவுன் ஹில்லில் புரிந்தது.

மூன்றாவது ஓட்டத்தில் இன்னொரு பாடம். திரும்பும் வழியில் கேம்பர்டவுன் பக்கம் பெட்ரோல் போட நின்றோம். டிரெய்லரின் இடச்சக்கரத்திலிருந்து ஒரு வாசனை, அடுப்பில் வெறும் தோசைக்கல்லை மறந்த மாதிரி. சக்கரத்தின் நடுக்குமிழைத் தொட்டேன். விரல் கொப்பளித்துவிட்டது. பேரிங் போயிருந்தது. குற்றவாளி நான்தான். படகு விரிகுடாவில் இருந்த காலத்தில் தள்ளுவண்டியைக் கழற்றச் சோம்பல்பட்டு, டிரெய்லரை அப்படியே உப்புத் தண்ணீருக்குள் தள்ளியிருக்கிறேன், பல தடவை. கிரீஸைத் தாண்டி உள்ளே போன உப்பு, வருடக்கணக்காக உட்கார்ந்து தின்றிருக்கிறது. மாமாவுக்குப் போன் போட்டோம். ஒரு பேரிங் ஜோடி, கிரீஸ் டப்பா, சுத்தியலோடு சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளம்பி வந்தார். இருட்டில், பெட்ரோல் பங்க் விளக்கு வெளிச்சத்தில் சாலையோரம் உட்கார்ந்து மாற்றினார். என்னைத் திட்டவில்லை. "எங்க அப்பா படகுக்கு ஒரு சக்கரமும் கெடையாது" என்று மட்டும் சொன்னார்.

மாமாவின் அப்பா டர்பனில் கரைவலை இழுத்தவர். நிறவெறி ஆட்சிக் காலத்தில் கடலில் உழைக்க இந்தியர்களுக்கு இடமிருந்தது. பாய் கட்டிச் சும்மா சுற்றிவர இடமில்லை. சின்ன வயதில் விரிகுடாவில் வெள்ளைப் பாய்கள் போவதை மாமா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறார். அந்தக் கதையை அவர் எனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பேரிங்குக்குக் கிரீஸ் அடைத்துக்கொண்டே இரண்டு வாக்கியம் சொன்னார், அவ்வளவுதான்.

போன மாதம் முதல்முறையாக அவரும் மிட்மாருக்கு வந்தார். படகில் ஏறவில்லை. கூப்பிட்டேன், காலில் வலி என்றார். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பாய் போய்த் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு, அத்தை கட்டிக்கொடுத்த ரொட்டி ரோலைத் தின்றார். பேத்தி சுக்கானைப் பிடித்தபோது மட்டும் எழுந்து நின்றார். திரும்பும்போது கேம்பர்டவுனில் வண்டியை நிறுத்தினேன். நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார். கண்ணாடியில் பார்த்தேன். இடச்சக்கரத்தைத் தொட்டார், சுற்றிப் போய் வலச்சக்கரத்தைத் தொட்டார். பிறகு காரின் நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சில்லுனு இருக்கு. எடு."